மருந்து அடிக்க அடிக்கப் புகையான் ஏன் பெருகுகிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலம். அப்பாவுக்குப் பிறகு நான் பார்க்கும் மூன்றாவது சம்பா இது. சி.ஆர். 1009 நெல் ரகம் நட்டு எழுபது நாள் ஆகிறது, இன்னும் கதிர் வரவில்லை. நட்ட இருபதாம் நாள் இலைச்சுருட்டுப்புழு தெரிந்தது. கடையில் கொடுத்த குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் கலவை மருந்தை அடித்தேன். நாற்பதாம் நாள் அதே புழுவுக்கு லாம்டா சைஹலோத்ரின். பத்து நாளுக்கு முன் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி தெரிந்ததும் இமிடாகுளோபிரிட் அடித்தேன். இரண்டு நாள் அடங்கியது போல இருந்தது. இப்போது மூன்று இடத்தில் பயிர் வட்டமாகப் பழுத்துவிட்டது. மேலவரப்புக்காரர் ஒரே ஒரு தடவை வேப்பெண்ணெய் அடித்ததோடு சரி. அவர் வயலிலும் புகையான் இருக்கிறது, ஆனால் வட்டம் விழவில்லை. இதைவிட வீரியமான மருந்து இருக்கிறது என்கிறார் கடைக்காரர். எதை அடிக்கலாம்? முதல் மருந்து அடித்த மறுநாள் தண்ணீரில் சிலந்தியும் ஊசித்தட்டானும் செத்து மிதந்தன. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? பக்கத்துத் தோப்பில் தேன்பெட்டி வைத்திருப்பவர் வேறு, மருந்து அடிக்கும் முன் சொல்லச் சொல்கிறார். நெல்லுக்கும் தேனீக்கும் என்ன?

பதில்: அன்புள்ள தம்பி,

சம்பந்தம் உண்டு. நேரடியான சம்பந்தம். ஆனால் அதை விளக்கிக்கொண்டிருந்தால் வட்டம் பெரிதாகிவிடும். இந்த வாரம் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாளைக் காலை மருந்து டேங்க் இல்லாமல் வயலில் இறங்குங்கள். பழுத்த இடத்தை விட்டுவிட்டு, பச்சையாக இருக்கும் பகுதியில் மூலைக்கு மூலை நடந்து அங்கங்கே இருபது குத்தாவது (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்து) பாருங்கள். குத்தைக் கையால் சாய்த்துப் பிடித்து, அடித்தூரை இரண்டு தட்டுத் தட்டுங்கள். புகையான் தண்ணீரில் விழும். குஞ்சு, வளர்ந்தது எல்லாவற்றையும் எண்ணுங்கள். எண்ணியதும் நகர்ந்துவிடாமல் கொஞ்சம் நின்று பாருங்கள். தண்ணீரின் மேல் நூல் போன்ற கால்களோடு சிறு பூச்சிகள் ஓடிவந்து விழுந்த குஞ்சுகளைப் பிடிக்கின்றனவா? தூரில் சிலந்தி ஏறி இறங்குகிறதா? மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், ஒடிசலாக, பச்சை உடம்பும் கறுத்த தலையுமாக ஒரு பூச்சி தாளின் மேல் விறுவிறுவென்று நடக்கிறதா? அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் மிரிட் நாவாய்ப்பூச்சி. பலர் அதைப் பச்சைத் தத்துப்பூச்சி என்று நினைத்து அதற்கும் மருந்து கேட்கிறார்கள். தத்துப்பூச்சி ஆப்பு வடிவில் இருக்கும், தொட்டால் துள்ளும். இது நடக்கும், இல்லையென்றால் பறக்கும்.

கணக்கு இப்படி. சிலந்தியே இல்லாத வயலில் தூருக்கு, அதாவது குத்தில் வெடித்த ஒரு தண்டுக்கு, ஒரு புகையான் இருந்தால் மருந்து அடிக்க வேண்டிய நிலை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். உங்கள் குத்தில் இருபத்தைந்து தூர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சிலந்தி இல்லாவிட்டால் இருபத்தைந்து, இருந்தால் ஐம்பது. ஒரே ஒரு சிலந்தி அந்த எல்லையை இரட்டிப்பாக்குகிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் வயலில் சிலந்தி கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். மேலவரப்புக்காரரிடம் கேட்டுவிட்டு அவர் வயலிலும் பத்துக் குத்து பாருங்கள். வித்தியாசம் கண்ணால் தெரியும்.

எண்ணிக்கை எல்லையைத் தாண்டியிருந்தாலும், தாண்டாவிட்டாலும், மழை விட்டிருந்தால் முதல் வேலை தண்ணீரை வடிப்பது. வடிகால் பக்கம் மடையைத் திறந்து, மூன்று நான்கு நாள் மண் ஈரமாக மட்டும் இருக்கும்படி விடுங்கள். புகையானுக்கு அடித்தூரின் இருட்டும் ஈரப்புழுக்கமும் வேண்டும். எட்டடிக்கு ஒரு வரிசையாக, நீளமான மூங்கிலை வைத்துப் பயிரை இரண்டு பக்கமும் ஒதுக்கி, வெளிச்சம் தரை வரைக்கும் விழும்படி பிரித்துவிடுங்கள். யூரியா இனி ஒரு பிடி கூட வேண்டாம். மேலுரம் பாக்கி இருந்தாலும் புகையான் அடங்கும் வரை நிறுத்திவையுங்கள். கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும் பயிரைத்தான் அது தேடி வரும்.

மருந்து தேவைப்பட்டால், பியூப்ரோபெசின் அல்லது பைமெட்ரோசின், இரண்டில் ஒன்று. லேபிளில் உள்ள அளவுதான், கூடுதலாக ஒரு மூடி வேண்டாம். வட்டம் விழுந்த இடமும் அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து அடியும், அப்புறம் எண்ணிக்கை எல்லையைத் தாண்டிய பகுதிகளும் போதும். முழு ஆறு மாவுக்கும் அடிக்க வேண்டியதில்லை. நுனியில் தூவினால் பிரயோசனமில்லை. கைத்தெளிப்பானின் நாசிலைத் தூருக்குக் கீழே விட்டு, தண்ணீர் தாராளமாக வைத்து அடியுங்கள். ட்ரோன் வாடகைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். வேறு பூச்சிக்கு அது உதவலாம். அடர்ந்த சம்பாப் பயிரில் அத்தனை குறைந்த தண்ணீர் அடித்தூருக்குப் போதுமான அளவு இறங்காது.

இந்த இரண்டு மருந்தும் அடித்த அன்றே பூச்சியைத் தண்ணீரில் மிதக்க வைக்காது. பியூப்ரோபெசின் குஞ்சைத் தோல் உரிக்கும்போதுதான் கொல்லும், வளர்ந்த பூச்சியைக் கொல்லாது. பைமெட்ரோசின் பட்டபிறகு பூச்சி சாறு உறிஞ்சாது, பட்டினியில் சில நாள் கழித்துச் சாகும். மூன்றாம் நாள் போய்ப் பார்த்துவிட்டு “மருந்து கேட்கவில்லை” என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு வாரம் கழித்து அதே போல் குத்தைத் தட்டி எண்ணுங்கள். சிலந்தியையும் மிரிட் பூச்சியையும் இவை மற்ற மருந்துகளைவிடக் குறைவாகவே தொடும். அதனால்தான் இவற்றைச் சொல்கிறேன்.

கடையில் நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். “இது மட்டும் போட்டால் லேட் ஆகும், கூட ஐம்பது மில்லி சைபர் விட்டுக்கோங்க, உடனே கேட்கும்” என்பார்கள். விட்டுவிடாதீர்கள். அந்த ஐம்பது மில்லி சைபர்மெத்ரின் நீங்கள் கவனமாகச் செய்த எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அறுவடை வரை கடன் கொடுப்பவர் அவர்தான், பூச்சி உடனே விழாவிட்டால் ஏச்சு வாங்குபவரும் அவர்தான். ஆனால் கடன் பாக்கி இருக்கிறதே என்பதற்காக எடுத்துக் கொடுத்ததையெல்லாம் வாங்கி அடிக்க வேண்டியதில்லை.

பழுத்த வட்டம் திரும்பப் பச்சையாகாது. அதைக் காப்பாற்றப் பணம் போடாதீர்கள். சுற்றியிருப்பதைக் காப்பாற்றினால் போதும்.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி.

புகையான் தன் முட்டையைத் தாளுறைக்குள், அதாவது தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடிப்பகுதிக்குள், கீறி வைக்கும். ஒரு பெண் பூச்சி இருநூறு, முன்னூறு முட்டை வரை இடும். நீங்கள் அடித்த மருந்து அந்த முட்டைக்குள் போகாது. ஏழெட்டு நாளில் அது பொரிக்கும். மருந்து அடித்த அன்று வயலில் என்ன நடந்தது என்று பாருங்கள்: வெளியே ஓடியாடித் திரியும் சிலந்தி, ஊசித்தட்டான், மிரிட் பூச்சி, பொறிவண்டு, தரைவண்டு எல்லாம் செத்தன. தாளுக்குள் இருந்த முட்டை தப்பித்தது. ஒரு வாரம் கழித்துப் பொரித்து வெளியே வந்த குஞ்சுகளுக்கு எதிரியே இல்லாத வயல் கிடைத்தது. இமிடாகுளோபிரிட்டுக்குப் பிறகு இரண்டு நாள் அடங்கி, பத்தாம் நாள் வட்டம் விழுந்ததன் கணக்கு இதுதான். இமிடாகுளோபிரிட்டுக்கு 2000-க்குப் பிறகு ஆசியா முழுவதும் புகையான் பழகிவிட்டது என்பது தனிக் கதை. வளர்ந்த பூச்சியிலேயே பாதி தப்பித்திருக்கும்.

அந்த மிரிட் நாவாய்ப்பூச்சிக்கு வேலையே இந்த முட்டைதான். ஊசி போன்ற வாயைத் தாளுறைக்குள் செலுத்தி, நாம் எந்தத் தெளிப்பானாலும் தொட முடியாத முட்டையை உறிஞ்சிவிடும். ஓநாய் சிலந்தி என்று ஒன்று உண்டு, வலை பின்னாது, தூரில் ஓடி வேட்டையாடும். ஒரு நாளில் ஐந்திலிருந்து பதினைந்து புகையான் வரை பிடிக்கும். பெண் சிலந்தி முட்டைப் பையை வயிற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டே திரியும், பொரித்த குஞ்சுகளை முதுகில் சுமக்கும். ஒரு தாய் செத்தால் அதோடு அத்தனையும் போச்சு. புகையானுக்கு ஒரு தலைமுறை இருபத்தைந்து, முப்பது நாள். சிலந்தி அதைவிட மெதுவாகத்தான் பெருகும். இருவருக்கும் ஒரே நாளில் அடி விழுந்தால் யார் முதலில் எழுந்து நிற்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் எல்லாம் சின்தடிக் பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பம். சாகாத அளவில் டெல்டாமெத்ரின் பட்ட புகையான் முன்பைவிட அதிகமாக முட்டையிடுகிறது என்பதைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1980 வாக்கிலேயே காட்டிவிட்டார்கள். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலும், புகையான் வரும் நெல்லில் சின்தடிக் பைரித்ராய்டு, மீத்தைல் பாரத்தியான், பென்தியான், குயினால்பாஸ் வேண்டாம் என்றுதான் இருக்கிறது. காரணம் இதே மறுபெருக்கம். இத்தனை வருஷம் கழித்தும் நம் காவிரி டெல்டாவில் இலைச்சுருட்டுப்புழுவுக்கு முதல் மருந்தாக இந்தக் குடும்பமே கடையிலிருந்து வருகிறது என்பது எனக்குக் கோபமூட்டும் விஷயம்.

இந்தோனேசியா இந்தப் பாடத்தை நாடளவில் படித்தது. அங்கே அரசே மானியத்தில் மருந்து கொடுத்தது, விவசாயிகள் அடித்தார்கள், 1970களில் தொடங்கிப் புகையான் திரும்பத் திரும்ப வந்து அழித்தது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லில் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்து உத்தரவு போட்டார். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் மருந்து மானியமும் எடுக்கப்பட்டது. பஞ்சம் ஒன்றும் வந்துவிடவில்லை, நெல் உற்பத்தி ஏறத்தான் செய்தது. வியட்நாமின் மேக்காங் டெல்டாவில் 1990களில் இன்னும் எளிமையாகச் சொன்னார்கள்: நட்டோ விதைத்தோ முதல் நாற்பது நாள் இலை தின்னும் புழுவுக்கு மருந்து அடிக்காதே. வானொலி நாடகம் போட்டு அதைப் பரப்பினார்கள். மருந்து அடிக்கும் தடவை பாதியாகக் குறைந்தது.

அந்த நாற்பது நாள் விஷயம்தான் உங்களுக்கும். உங்கள் தப்பு புகையானுக்கு எதை அடித்தீர்கள் என்பதில் இல்லை, இருபதாம் நாள் அடித்ததில் இருக்கிறது. அந்த வயதில் பயிர் தூர் வெடித்துக்கொண்டிருக்கும். இலையில் கொஞ்சம் வெள்ளைக் கோடு விழுந்தால் புது இலை விட்டு ஈடுகட்டிவிடும். வளரும் பருவத்தில் பத்து சதவீத இலை சேதம் வரை பொறுக்கலாம் என்பது பரிந்துரை. கதிருக்கு முன் வரும் கடைசி இலையான கண்ணாடி இலை வந்தபிறகுதான் ஐந்து சதவீதத்திலேயே உஷாராக வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ரோட்டில் போகிறவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக அடிக்கும் மருந்துதான் பின்னால் புகையானாக வருகிறது.

நட்ட புதிதில் புகையானும் இல்லை, புழுவும் அதிகம் இல்லை. அப்போது சிலந்தி எதைத் தின்று உயிர் வாழ்கிறது தெரியுமா? தண்ணீரிலும் சேற்றிலும் மக்கும் இலைதழையைத் தின்று வளரும் கொசு மாதிரிச் சிறு பூச்சிகளை. அவை கடிக்காது, நெல்லையும் தொடாது. இந்தோனேசியாவின் ஜாவா தீவு வயல்களில் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள்: தொழு உரம், தழை உரம் போட்ட வயலில் இந்தப் பூச்சி கூடுகிறது, அதைத் தின்று சிலந்தி முன்கூட்டியே பெருகிக் காத்திருக்கிறது, புகையான் வந்து இறங்கும்போது கூலி கேட்காத காவல் தயாராக நிற்கிறது. குருணை மருந்தை யூரியாவோடு கலந்து வீசும் பழக்கம் உங்கள் பக்கம் உண்டல்லவா? புழு இருக்கிறதா என்று பார்க்காமலே வீசுவார்கள். தண்ணீரில் வாழும் பூச்சிகளும் அதில் அடிபடும். அடுத்த சம்பாவில் அதை விட்டுவிடுங்கள். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிரை மடக்கி உழ முடிந்தால் மிக நல்லது.

இந்தச் சின்னப் பூச்சிகளால் என்ன ஆகும் என்று அப்பா காலத்து ஆட்கள் யாராவது கேட்டால் பப்பாளி மாவுப்பூச்சியைச் சொல்லுங்கள். 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. அடிக்காத மருந்தில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூரு வழியாக அசிரோபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில மாதத்தில் அடங்கிவிட்டது. குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்கக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை.

அடுத்த சம்பாவுக்கு இன்னும் சில. நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் (இடைவெளி) விட்டு நடுங்கள், இப்போது மூங்கிலால் பிரிக்கும் வேலை மிச்சம். வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ போடுங்கள், ஓரத்தில் கொஞ்சம் எள்ளும் இருக்கட்டும். முட்டையில் ஒட்டும் குளவிகளுக்குப் பூந்தேன் வேண்டும், புல் கூட இல்லாமல் செதுக்கிய வரப்பில் அவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது. தாய்லாந்து, சீனா, வியட்நாமில் வரப்பில் பூச்செடி வைத்த வயல்களில் மருந்து அடிப்பது எழுபது சதவீதம் குறைந்தும் விளைச்சல் ஐந்து சதவீதம் கூடியிருக்கிறது. இலைச்சுருட்டுப்புழு வழக்கமாக வரும் வயல் என்றால் நட்ட 37, 44, 51-ஆம் நாள்களில் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டலாம், ஏக்கருக்குத் தடவைக்கு இரண்டு சி.சி. அளவு முட்டை. சாயங்காலம் கட்டுங்கள், கட்டின பிறகு மருந்து கூடாது. விளக்குப்பொறி வைத்தால் இரவு பத்து மணிக்கு அணைத்துவிடுங்கள். விடிய விடிய எரிந்தால் நல்ல பூச்சியும் அதில் விழும்.

மேலவரப்புக்காரரின் வேப்பெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. அது புகையானை ஒழித்துவிடவில்லை, நீங்களே சொல்வது போல் அங்கேயும் இருக்கிறது. வேப்பெண்ணெய் சிலந்தியைக் கொல்லாமல் விட்டது, மீதியைச் சிலந்தி பார்த்துக்கொண்டது. இப்போது வட்டம் விழுந்த உங்கள் வயலில் வேப்பெண்ணெய் மட்டும் அடித்தால் போதாது. அடுத்த வருஷம் ஆரம்பத்தில் கை துறுதுறுத்தால் அதை அடித்துக்கொள்ளுங்கள்.

தேன்பெட்டிக்காரர் சொல்வது நியாயம். நெல் தன் மகரந்தத்திலேயே கருவுறும், தேனீ தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் தேனீக்கு நெல் மகரந்தம் தேவைப்படும். கதிர் பூக்கும் நாள்களில் காலை ஒன்பது மணியிலிருந்து உச்சிவேளைக்குள் நெல் பூ விரியும், தேனீ அந்த நேரத்தில் கதிருக்குக் கதிர் மொய்ப்பதை நீங்களே பார்க்கலாம். அப்போது அடித்தால் பெட்டி காலி. பூவில் மருந்து படுவது மணி பிடிப்பதற்கும் நல்லதில்லை. உங்கள் பயிருக்குப் பூக்கும் காலம் இனிமேல்தான். அதற்குள் புகையான் வேலையை முடித்துவிடப் பாருங்கள். பூத்தபிறகு தவிர்க்க முடியாமல் போனால், முதல் நாளே அவருக்குச் சொல்லிவிட்டு, வெயில் தாழ்ந்து நான்கு மணிக்கு மேல் அடியுங்கள். வாசலைச் சாத்திவைக்க அவருக்கும் அவகாசம் கிடைக்கும்.

அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரத்தில் உளுந்து தெளிப்பீர்கள்தானே? தப்பிப் பிழைத்த சிலந்தியும் பொறிவண்டும் நெல் போனபிறகு அந்த உளுந்தில்தான் ஒதுங்கும். செடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி தெரிந்தவுடன் மருந்துக்கு ஓடாதீர்கள். அசுவினிக்கு நடுவே கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, முதலைக்குட்டி மாதிரி ஆறு காலில் ஊரும் புழு இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் பொறிவண்டின் குஞ்சு. அதைப் படம் எடுத்து அனுப்பி “இதற்கு என்ன மருந்து” என்று கேட்காதவர்கள் குறைவு. அது செடிக்குச் செடி தென்பட்டால் ஒரு வாரம் விட்டுப் பிறகு பாருங்கள். குறையாவிட்டால் எழுதுங்கள், எண்ணிக்கையோடு.